அது தேனீ கண்ட பூ அல்ல

மாணவர்களே, உங்கள் கைப்பேசிக்கு இந்தப் படம் ஒருமுறையாவது வந்திருக்கும். இடப்பக்கம் ஒரு மஞ்சள் பூ. வலப்பக்கம் அதே பூ, ஆனால் இதழ்களின் நுனி வெளிர் ஊதாவாகவும் நடுப்பகுதி கரிய வட்டமாகவும் இருக்கும். கீழே ஒரு வரி: "மனிதன் பார்ப்பது, தேனீ பார்ப்பது." வியந்துபோய் நான்கு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். நானும் அப்படி அனுப்பியவன்தான்.

அந்தப் படத்தில் குற்றமில்லை. அந்தக் கரிய வட்டத்துக்கு உரிய நிறமி உண்மையிலேயே பூவில் இருக்கிறது. குற்றம் கீழே எழுதியிருக்கும் வரியில்தான். புற ஊதாப் படங்களை எடுங்கள், ரசியுங்கள், சுவரில் மாட்டுங்கள். ஆனால் "தேனீ பார்க்கும் பூ" என்று மட்டும் எழுதாதீர்கள். யாராவது எழுதியிருந்தால், ஒரு கேள்வியாவது கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கறுப்புக் கண்ணாடி வழியே

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஊதா நிறத்துக்கும் அப்பால், 400-க்குக் கீழே இருப்பதுதான் புற ஊதா. 1801-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர், முப்பட்டகத்தால் பிரிந்து விழும் சூரிய ஒளியில் வெள்ளிக் குளோரைடை வைத்துச் சோதித்தார். ஊதா ஒளி முடிந்து, ஒன்றுமே இல்லை என்று தோன்றிய இடத்தில் அது இன்னும் வேகமாகக் கறுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் அங்கே இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

நமக்கு அது தெரியாததற்கு முக்கியக் காரணம், கண்ணுக்குள் இருக்கும் வில்லை அதை உறிஞ்சிவிடுவதுதான். கண்புரை அறுவைச் சிகிச்சையில் வில்லையை நீக்கிவிட்டு, மாற்று வில்லை பொருத்தாமல் விட்ட சிலருக்குப் புற ஊதாவின் ஒரு பகுதி வெளிறிய நீலமாகத் தெரிந்திருக்கிறது.

கேமராவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அதன் சிலிக்கான் உணரி ஓரளவு புற ஊதாவை உணரக்கூடியது. ஆனால் சாதாரணப் படங்கள் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, தயாரிப்பாளர்கள் உணரிக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைக்கிறார்கள். அது புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வெட்டிவிடும். புற ஊதாப் படம் எடுப்பவர்கள் முதலில் அந்தக் கண்ணாடியை அகற்றக் கொடுக்கிறார்கள். பிறகு லென்ஸின் முன்னால் வேறொரு ஃபில்டரைப் பொருத்துகிறார்கள். இது கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் உள்ளே விடும். கையில் எடுத்துப் பார்த்தால் வெறும் கறுப்புக் கண்ணாடி. அதன் வழியே உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

இந்த ஃபில்டர்களில் புகழ்பெற்ற ஒன்று பூவுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஜெர்மனியின் பாடர் நிறுவனம் தயாரிக்கும் அதன் பெயர் 'யு-வீனஸ்'. வெள்ளிக் கோளைத் தொலைநோக்கியில் சாதாரணமாகப் பார்த்தால் வெறும் வெண்ணிற உருண்டையாகத்தான் தெரியும். 1927-ஆம் ஆண்டில் ஃபிராங்க் ராஸ் என்ற வானியலாளர், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்திலிருந்து புற ஊதாவில் அதைப் படம் எடுத்தார். மேகங்களில் கரிய பட்டைகள் தெரிந்தன. அந்த மேகங்களைப் படம்பிடிக்க வானியல் ஆர்வலர்களுக்காக உருவான ஃபில்டரைத்தான் பூக்களின் படம் எடுப்பவர்கள் தங்கள் லென்ஸில் மாட்டிக்கொண்டார்கள்.

லென்ஸும் ஒரு சிக்கல்தான். பல கண்ணாடிகளை அடுக்கி, மேலே பூச்சும் பூசிய இன்றைய லென்ஸ்கள் புற ஊதாவில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குவார்ட்ஸும் ஃபுளோரைட்டும் கொண்டு செய்த நிக்கானின் 105 மில்லிமீட்டர் 'யுவி-நிக்கோர்' போன்ற லென்ஸ்கள் இதற்கென்றே உருவானவை, விலையும் மிக அதிகம். அதனால் பலர் பழைய இருட்டறைகளில் படத்தைப் பெரிதாக்கப் பயன்பட்ட எளிய லென்ஸ்களைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகும் வேலை சுலபமல்ல. உள்ளே வரும் ஒளி குறைவு என்பதால் பட்டப்பகலிலும் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். காற்றில் பூ சற்று அசைந்தால் படம் கலங்கிவிடும். ஃபில்டர் கொஞ்சம் அகச்சிவப்பைக் கசியவிட்டால், புற ஊதாப் படம் என்று நினைத்து எடுத்தது அகச்சிவப்புப் படமாகவே முடிந்துவிடும், ஏனென்றால் உணரிக்கு அகச்சிவப்பின்மேல் கூர்மை அதிகம். இத்தனை பொறுமையோடு எடுத்த படத்தின் கீழே தவறான ஒரு வரியை எழுதுவதுதான் எனக்கு வருத்தம்.

அந்த ஊதா நிறம் எங்கிருந்து வந்தது?

கேமரா உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறச் சாயம் உண்டு. இந்தச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிரிப்பதற்காகச் செய்யப்பட்டவை. புற ஊதா வரும்போது மூன்று சாயங்களும் ஆளுக்கொரு அளவில் அதைக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவைத்தான் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என்று பதிவு செய்கிறது. கேமராவிலிருந்து அப்படியே எடுத்தால் படம் பெரும்பாலும் செக்கச்செவேலென்றுதான் இருக்கும்.

அடுத்து, படம் எடுத்தவர் கணினிக்கு "இதுதான் வெள்ளை" என்று ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்குப் பயன்படும் பொருள் டெஃப்லான். உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பவர், நீர் கசியாமல் இருக்க மரையில் ஒரு மெல்லிய வெள்ளை டேப்பைச் சுற்றுவாரே, அதே பொருள்தான். புற ஊதாவின் எல்லா அலைநீளங்களையும் அது ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புகிறது. அதை வெள்ளை என்று வைத்துக் கணக்கிட்டதும் படத்தில் மஞ்சளும் நீலமும் ஊதாவும் பிறக்கின்றன.

ஆகவே அந்த வெளிர் ஊதா பூவிலும் இல்லை, தேனீயின் கண்ணிலும் இல்லை. கேமராவின் சாயமும் படம் எடுத்தவரின் தேர்வும் சேர்ந்து தந்த நிறம் அது. வேறு கேமரா, வேறு ஃபில்டர் என்றால் நிறமும் மாறும். ஆய்வாளர்கள் பலர் புற ஊதாப் படங்களைக் கறுப்பு வெள்ளையாகவே வைத்துக்கொள்வது இதனால்தான். வெளுப்பாக இருந்தால் அந்த இடம் புற ஊதாவைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்பாக இருந்தால் உறிஞ்சுகிறது. படம் உறுதியாகச் சொல்வது அவ்வளவுதான்.

தேனீக்கு அந்த வட்டம் கறுப்பா?

தேனீயின் கண்ணில் மூன்று வகை நிற உணர்விகள் உள்ளன. அவை மிக நன்றாக உணரும் அலைநீளங்கள் ஏறத்தாழ 344, 436, 544 நானோமீட்டர்கள், அதாவது புற ஊதா, நீலம், பச்சை. சிவப்புக்கென்று தனி உணர்வி அதற்கு இல்லை.

இப்போது அந்த மஞ்சள் பூவுக்கு வருவோம். வட அமெரிக்காவின் ருட்பெக்கியா என்ற பூவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு அதன் இதழ் அடி முதல் நுனி வரை மஞ்சள்தான். இதழின் அடிப்பகுதியில் புற ஊதாவை உறிஞ்சும் ஃபிளேவனால் நிறமிகள் இருப்பதை 1972-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். புற ஊதாப் படத்தில் கரிய வட்டம் தெரிவது அந்த நிறமியால்தான்.

ஆனால் தேனீ புற ஊதாவை மட்டும் பார்ப்பதில்லை. இதழின் நுனியிலிருந்து அதற்குப் புற ஊதாவும் பச்சையும் சேர்ந்து வருகின்றன. அடிப்பகுதியிலிருந்து பச்சை மட்டும் வருகிறது. எனவே தேனீக்கு அங்கே இருப்பது கறுப்பு அல்ல, ஒரு நிறத்துக்குள் இன்னொரு நிறம். கறுப்பு என்பது மற்ற ஒளிகளை நாம் ஃபில்டரால் வெட்டியதன் விளைவு.

கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் தாளமும் சேர்ந்து ஒலிக்கின்றன. தாளத்தை மட்டும் பதிவு செய்து "இதுதான் கச்சேரி" என்று நண்பனுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்வானா? ஒரே ஓர் உணர்விக்கு உரிய ஒளியை மட்டும் பதிவு செய்து "தேனீ பார்க்கும் பூ" என்பதும் அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு. வேலைக்காரத் தேனீயின் ஒவ்வொரு கூட்டுக்கண்ணும் சுமார் 5,000 சிறு கண்களால் ஆனது. கேட்கப் பெரிய எண்ணாக இருந்தாலும், நம் பார்வையோடு ஒப்பிட்டால் அதன் பார்வை மிகவும் மங்கலானது. இதழின் நரம்பு வரை துல்லியமாகத் தெரியும் அந்தப் படம் எந்தத் தேனீயும் கண்டதில்லை.

2024-ஆம் ஆண்டில் வேரா வாசாஸ், டேனியல் ஹான்லி ஆகியோரின் குழு, புற ஊதாவையும் நாம் காணும் நிறங்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யும் காணொளிக் கருவியை வெளியிட்டது. ஒரு விலங்கின் உணர்விகள் எவ்வளவு ஒளியைப் பெறும் என்று அதில் கணக்கிடலாம். அந்தக் கணக்கையும் கடைசியில் நாம் காணக்கூடிய நிறங்களாக மாற்றித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. நம்மிடம் வேறு கண் இல்லையே!

இருட்டில் ஒளிரும் பூ

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. இருட்டில் நியான் விளக்குபோலப் பச்சையாகவும் நீலமாகவும் மின்னும் பூக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் கீழும் "தேனீயின் பார்வையில்" என்று எழுதுபவர்கள் உண்டு.

அவை புற ஊதாவைப் பதிவு செய்த படங்களே அல்ல. இருட்டறையில் பூவின்மேல் புற ஊதா விளக்கை அடிக்கிறார்கள். பூவில் உள்ள சில பொருள்கள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பி விடுகின்றன. இதற்கு ஒளிர்வு என்று பெயர். இங்கே ஃபில்டர் வேலையும் தலைகீழ். விளக்கின் முன்னால் புற ஊதாவை மட்டும் விடும் ஃபில்டர், லென்ஸின் முன்னால் புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர். பகல் வெளிச்சத்தில் அந்த மெல்லிய ஒளிர்வு சூரிய ஒளியில் கரைந்துவிடும். தேனீ பறப்பதோ பகலில்.

கலைக்கும் விளக்கம் வேண்டுமா?

"இது கலை. ஓவியரிடம் போய் வானத்துக்கு ஏன் பச்சை பூசினாய் என்று கேட்பீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேட்கமாட்டேன். வெளிர் ஊதாவுக்குப் பதிலாகத் தங்க நிறத்தில் அந்தப் பூ அழகாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நிறம் உங்கள் உரிமை.

ஆனால் அந்த ஓவியர் "காகம் வானத்தை இப்படித்தான் பார்க்கிறது" என்று கீழே எழுதினால், அப்போது கேட்பேன். அந்தக் கணமே அவர் கலையிலிருந்து அறிவியல் கூற்றுக்கு வந்துவிட்டார். கூற்று என்றால் சான்று வேண்டும்.

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களைப் பாருங்கள். அது பதிவு செய்வது பெரும்பாலும் அகச்சிவப்பு. அதற்கு நிறம் கொடுப்பவர்கள் மனிதர்கள்தான். ஆனால் எந்த ஃபில்டரின் படத்துக்கு எந்த நிறம் தரப்பட்டது என்பதைப் படத்தோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள். அதனால் படத்தின் அழகு ஒரு துளியும் குறையவில்லை.

ஒரு வரிக்கு ஏன் இத்தனை கவலை?

ஏனென்றால் இந்தப் படங்கள் வெறும் அலங்காரம் அல்ல, சான்றுகள். மேத்யூ கோஸ்கி என்ற தாவரவியலாளரும் அவருடைய குழுவினரும், உலர்தாவரத் தொகுப்புகளில் பத்திரப்படுத்தப்பட்டிருந்த 42 இனங்களின் 1,238 பூக்களைப் புற ஊதாவில் படம் எடுத்தார்கள். மிகப் பழையவை 1941-ஆம் ஆண்டில் பறிக்கப்பட்டவை. புற ஊதாவை உறிஞ்சும் நிறமி சராசரியாக ஆண்டுக்கு 2 விழுக்காடு கூடியிருந்ததை அவர்கள் 2020-இல் வெளியிட்டார்கள். எல்லாப் பூக்களிலும் ஒரே மாதிரி அல்ல. மகரந்தப் பைகள் வெளியே தெரியும் பூக்களில், ஓசோன் குறைந்த இடங்களில் நிறமி கூடியது. மகரந்தம் இதழ்களுக்குள் மறைந்திருக்கும் பூக்களில், வெப்பம் ஏறிய இடங்களில் குறைந்தது. பருவநிலை மாற்றம் பூவின் முகத்தில் எழுதிய எழுத்தை ஒரு ஃபில்டர் வாசித்துக் காட்டியது. அழகுக்காக யாராவது கறுப்பைக் கொஞ்சம் கூட்டியிருந்தால் அந்தக் கணக்கு என்னவாகியிருக்கும்?

2022-ஆம் ஆண்டில் காட்டுச் சூரியகாந்திகளைப் பற்றி வெளிவந்த ஆய்வும் இப்படித்தான். வறண்ட இடங்களில் வளரும் செடிகளின் பூவில் அந்தக் கரிய வட்டம் பெரிதாக இருந்தது. பூச்சியை அழைக்கும் அதே நிறமி, இதழிலிருந்து நீர் வெளியேறுவதையும் குறைக்கிறது. "வட்டம் தேனீக்காக மட்டும்" என்று முடிவு கட்டியிருந்தால் இந்த இரண்டாம் வேலை தெரியாமலே போயிருக்கும்.

நம் பகுதியிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் இட்லிப்பூச் செடிகளின் இலைகளில் காணப்படும் காஸ்மோஃபேசிஸ் அம்ப்ராட்டிகா என்ற சிறு குதிக்கும் சிலந்தியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆண் சிலந்தியின் முகமும் உடலும் புற ஊதாவைத் திருப்பி அனுப்புகின்றன. பெண் சிலந்தியிடம் அது இல்லை, அதன் வாயருகே உள்ள உணர்கொம்புகள் புற ஊதா பட்டால் பச்சையாக ஒளிர்கின்றன. 2007-இல் வெளிவந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அவர்கள் கையாண்ட முறை. படத்தை வைத்துக்கொண்டு "சிலந்தி இப்படித்தான் பார்க்கிறது" என்று சொல்லிவிடவில்லை. இரண்டுக்கும் இடையே புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டரை வைத்து, அவை என்ன செய்கின்றன என்று கவனித்தார்கள். வழக்கமான காதல் சடங்கு தடைபட்டது. கேள்வியைச் சிலந்தியிடமே கேட்டு, பதிலையும் அதனிடமே பெற்றார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

பள்ளியில் புகைப்படப் போட்டியோ அறிவியல் விழாவோ வந்தால், புற ஊதாப் படத்தின் கீழே மூன்று செய்திகளை எழுதும் வழக்கத்தை நீங்கள் தொடங்கி வையுங்கள். ஒளி எங்கிருந்து வந்தது, ஃபில்டர் எதை உள்ளே விட்டது, நிறம் எப்படித் தரப்பட்டது. எடுத்துக்காட்டாக: "சூரிய ஒளியில் எடுத்தது. 400 நானோமீட்டருக்குக் கீழான ஒளி மட்டும். நிறங்கள் நான் தேர்ந்தெடுத்தவை. கரிய பகுதி புற ஊதாவை உறிஞ்சுகிறது." நான்கே சிறு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் உண்மை.

பிறர் அனுப்பும் படத்திலும் இந்த மூன்றையும் தேடுங்கள். கைப்பேசிச் செயலி ஒன்று "புற ஊதாப் பார்வை" தருவதாகச் சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணப் படத்தின்மேல் ஊதா வண்ணம் பூசுவது மட்டுமே அதன் வேலை.

கருவி இல்லையே என்று வருந்த வேண்டாம். காலை வெயிலில் பள்ளித் தோட்டத்தில் ஒரு மஞ்சள் பூவின் அருகே கால்மணி நேரம் அமர்ந்து, தேனீ முதலில் எங்கே இறங்குகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் தாழப் பறக்கும் சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சி யூரிமா ஹெகாபியையும் கவனியுங்கள். அதன் ஆணின் இறக்கை, செதில்களின் நுண்ணமைப்பால் புற ஊதாவைப் பளிச்சென்று வீசுகிறது. உங்களுக்கு அது தெரியாது. எதிரே வரும் இன்னொரு பூச்சி என்ன செய்கிறது என்பது தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. புற ஊதா டார்ச்சை உங்கள் கண்ணிலோ நண்பனின் கண்ணிலோ அடிக்காதீர்கள். கறுப்பாகத்தானே இருக்கிறது என்று இந்த ஃபில்டர் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கதிர் அதன் வழியே வந்துகொண்டிருக்கும். வீட்டில் கேமராவைத் திறந்து உணரிக் கண்ணாடியைக் கழற்றவும் முயலாதீர்கள்.

முடிக்கும் முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1880-களில் இங்கிலாந்தின் ஜான் லப்பக், எறும்புகளின்மேல் நிறமாலையை விழச் செய்தார். ஊதாவுக்கு அப்பால் இருந்த இடத்திலிருந்து எறும்புகள் தங்கள் கூட்டுப்புழுக்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறின. புற ஊதா எறும்புகளுக்குத் தனி நிறமாகவே தெரிய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அந்த நிறம் எப்படி இருக்கும் என்பதை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடியாது என்றும் சேர்த்தே எழுதினார்.

கேமராவும் கணினியும் இல்லாத லப்பக்குக்கு இருந்த அந்த அடக்கம், எல்லாம் வைத்திருக்கும் நமக்கும் இருக்கட்டும். அடுத்த முறை அந்த ஊதாப் பூ உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, வியந்து பாருங்கள். அனுப்புவதற்கு முன், கீழே இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.